தியாகராஜர் கீர்த்தனை என்று நம்பி வாங்கிய வீணைத் துணுக்கு

குறும்படங்களுக்கு இசை அமைக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு படத்தின் தொடக்கக் காட்சிக்கு வீணை தேவைப்பட்டது. கர்நாடக இசைத் துணுக்குகளை இணையத்தில் விற்கும் ஒருவரிடம் 4,500 ரூபாய்க்கு ஒரு தொகுப்பு வாங்கினேன். "தியாகராஜர் 1847-லேயே மறைந்துவிட்டார். அவர் கீர்த்தனைக்கு யார் உரிமை கோர முடியும்? தாராளமாகப் பயன்படுத்துங்கள்" என்று எழுத்திலேயே கொடுத்தார்.

கீர்த்தனைக்கு யாரும் உரிமை கோர முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதை ஒருவர் வாசித்து, ஒரு நிறுவனம் பதிவுசெய்து வெளியிட்டால், அந்த ஒலிப்பதிவுக்குத் தனியே பதிப்புரிமை உண்டு. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள். எனக்கு விற்கப்பட்டது 1974-இல் வெளிவந்த இசைத்தட்டிலிருந்து வெட்டியது. 2034 முடியும்வரை அது நிறுவனத்தின் சொத்து. அடையாளம் தெரியக்கூடாது என்று விற்றவர் சுருதியை அரைக் கட்டை ஏற்றி, இசைத்தட்டின் இரைச்சலையும் நீக்கியிருந்தார். தெரியாமல் செய்த வேலை அல்ல அது.

படத்தை யூடியூபில் ஏற்றிய அன்றே உரிமைக் கோரிக்கை வந்தது. வெறும் எட்டு விநாடிதானே என்றார்கள் நண்பர்கள். இத்தனை விநாடிவரை எடுக்கலாம் என்ற கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. கலைஞரின் பெயரைப் போட்டாலும் அது அனுமதி ஆகிவிடாது. எனக்கோ அந்தப் பெயரே தெரியாது! வீணை ஆசிரியை ஒருவர் கேட்ட மாத்திரத்தில் வாசித்தவர் யாரென்று சொன்னபோது கூசிப்போனேன். ஒரு வித்வானின் வாழ்நாள் உழைப்பை, யாருடையது என்று கேட்கக்கூடத் தோன்றாமல், என் படத்தில் ஒட்டிவைத்திருந்தேன்.

இயக்குநரிடம் மன்னிப்புக் கேட்டு, படத்தை இறக்கிவிட்டு, அதே ஆசிரியையை வாசிக்கச் சொல்லிப் புதிதாகப் பதிவுசெய்தேன். சன்மானம் கொடுத்து, எந்தப் படத்துக்கு, எங்கெல்லாம் வெளியிட என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதுதான்.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, தொலைபேசியை எடுப்பதும் இல்லை. அதே தொகுப்பில் வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் இயற்றிய தில்லானா ஒன்றும் "பழைய இசை" என்ற பெயரில் இருக்கிறது. அவர் மறைந்தது 2013-இல். இயற்றியவரின் உரிமையே 2073 முடியும்வரை உண்டு. இப்படியொரு தொகுப்பை வாங்கி வைத்திருப்பவர்கள், எந்த இசைத்தட்டு, எந்த ஆண்டு, யாருடைய அனுமதி என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை ஒரு விநாடிகூடப் படத்தில் சேர்க்காதீர்கள்.