வேகமும் வேண்டும், மைலேஜும் வேண்டும்: ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டோடு 58,000 கிலோமீட்டர்

இந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை வாங்கியபோது மீட்டரில் 41,000 கிலோமீட்டர் இருந்தது. போன வாரம் 99,000 ஆனது. இந்த நான்கு ஆண்டுகளில் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறேன். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் லிட்டருக்கு 15.7 கிலோமீட்டர் வருகிறது. மலைப்பாதையில் ஏறினால் மனசைத் துள்ள வைக்கிற 140 குதிரைத்திறன் வண்டிக்கு இது மிக நல்ல கணக்கு. செகண்ட் ஹேண்டில் ஒரு ஹாட் ஹேட்ச், அதாவது சக்தி கூடிய சிறிய ஹேட்ச்பேக் கார், வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் தேடிய கதையையும் ஓட்டிய கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் தேவை எளிமையானது. வேலைக்குப் போக வர தினமும் 38 கிலோமீட்டர், அதில் பாதி நெரிசல், பாதி நெடுஞ்சாலை. மாதம் ஒருமுறையாவது ஒரு நீண்ட பயணம். வீட்டில் இது ஒன்றுதான் கார். ஓட்டும்போது சந்தோஷம் வேண்டும், ஆனால் அந்தச் சந்தோஷத்துக்காக மாதாமாதம் பெட்ரோல் பங்கில் வருத்தப்படக் கூடாது.

முதலில் நான் செய்தது, குதிரைத்திறன் வரிசையில் கார்களை அடுக்கிப் பார்த்தது. அந்த வரிசை என்னை மூன்று மாதம் அலைய வைத்தது. ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ ஓட்டிப் பார்த்தேன். 2 லிட்டர் டர்போ, 220 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் இழுவை. எடை சுமார் 1,350 கிலோ. அருமையான கார், நெடுஞ்சாலையில் அதன் நிதானத்துக்கு ஈடு இல்லை. ஆனால் நான் தினமும் ஓட்டுகிற 30 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் அது தன் திறமையைக் காட்டவே தேவையில்லாமல் அமைதியாக இருந்தது. அதன் முழு உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமானால் பொதுச் சாலையில் போகக் கூடாத வேகத்துக்குப் போக வேண்டும். அப்புறம் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி. 2013-ல் வந்தது 1.6 லிட்டர், 182 குதிரைத்திறன். 2018-ல் வந்தது 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர், 200 குதிரைத்திறன், மெதுவாகப் போகும்போது ஒரு சிலிண்டரை நிறுத்திவைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும். ஸ்டியரிங் பேசுகிற விதத்தில் இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது எஸ்டிதான். நல்ல நிலையில் ஒன்று கிடைத்திருந்தால் அதையே வாங்கியிருப்பேன். நான் பார்த்த இரண்டுமே முந்தைய உரிமையாளர்கள் எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டியவை. அதனால் விட்டுவிட்டேன்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைப் பார்க்கப் போனபோது பெரிய எதிர்பார்ப்பு இல்லை. 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர். என் பட்டியலில் கடைசி. ஆனால் முதல் வளைவிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதன் எடை சுமார் 970 கிலோதான்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவு முழுக்க இதில்தான் நின்றது. 1976-ல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐயில் 110 குதிரைத்திறன்தான் இருந்தது. எடை 810 கிலோ அளவு. ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் 136 குதிரைத்திறன். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு அதே கணக்கு 144. அந்த முதல் ஜிடிஐ கொடுத்த விகிதம் இன்றும் ஒரு மனிதருக்குப் போதும். கனமான காருக்குக் கூடுதல் சக்தி கொடுத்து நேர்க்கோட்டு வேகத்தை ஈடுகட்டிவிடலாம். ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் அந்தக் கனத்தை நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். அதற்கான பெட்ரோலை யார் ஓட்டினாலும் மிச்சப்படுத்த முடியாது. டயர், பிரேக் எல்லாவற்றின் தேய்மானமும் அந்தக் கனத்தோடு சேர்ந்தே வரும்.

இன்னொன்று, டர்போ எஞ்சினின் குணம். வெளியேறும் புகையின் விசையால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சிறிய டர்போ எஞ்சின் மெதுவாக ஓட்டும்போது சிறிய எஞ்சின் மாதிரியே குறைவாகக் குடிக்கும். அழுத்திப் பிடித்தால் பெரிய எஞ்சின் மாதிரி குடிக்கும். முழு அழுத்தத்தில் புகை வெளியேறும் பக்கம் கடும் சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க, எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமாகவே பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்கள் பல. கோல்ஃப் ஜிடிஐயின் எஞ்சினில் புகைப்போக்கிக் குழாயின் தொடக்கப் பகுதியைச் சிலிண்டர் தலைக்குள்ளேயே வைத்துத் தண்ணீரால் குளிர்விப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, மைலேஜும் வேண்டும் என்பவர் தேட வேண்டியது, அழுத்தாமலே சந்தோஷம் தருகிற வண்டி. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும்போதே முழு இழுவையும் வந்துவிடுகிறது, தள்ள வேண்டிய எடையும் குறைவு. பாதி ஆக்ஸிலரேட்டரில் கிடைக்கிற துள்ளல் எனக்குப் போதும் என்று அன்றே தெரிந்துவிட்டது.

பழைய கார் தேடுபவர்கள் ஏமாறும் ஓர் இடம், விளம்பரத் தாளில் உள்ள மைலேஜ். ஐரோப்பாவில் 2017 செப்டம்பருக்கு முன் வந்த மாடல்களின் எண்கள் என்இடிசி என்ற பழைய சோதனையில் எடுத்தவை. அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் போல, முடுக்கமும் மிக மென்மையானது. அதற்குப் பின் வந்த டபிள்யூஎல்டிபி சோதனை உண்மைக்கு இன்னும் கிட்டே இருக்கிறது. 2014 மாடலின் எண்ணையும் 2019 மாடலின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. என் காருக்குப் பழைய சோதனையில் கொடுத்த எண் லிட்டருக்கு 18-ஐ ஒட்டியது. எனக்குக் கிடைப்பது 15.7.

சரி, வாங்குவதற்கு முன் என்ன பார்த்தேன்?

போன் பேசும்போதே ஒரு கோரிக்கை வைப்பேன்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் முதல் வேலை பானட்டில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் அவர்கள் எதையோ மறைக்க நினைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் பத்து வினாடியில்தான் எஞ்சினுக்குள் இருக்கும் செயினின் சத்தம், நீலப் புகை, தடுமாறும் ஐடிலிங் எல்லாம் வெளியே வரும். சூடான எஞ்சின் நிறைய விஷயங்களை மூடிவிடும்.

அடுத்தது ஓபிடி கருவி, காரின் கணினியில் செருகி அது பதிந்து வைத்திருப்பதைப் படிக்கும் கருவி. பலர் பிழைக் குறிகள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இல்லையென்றால் திருப்தியாகிவிடுகிறார்கள். நான் பார்ப்பது, மாசுக் கட்டுப்பாட்டுச் சுய பரிசோதனைகள் முடிந்த நிலையில் இருக்கின்றனவா என்று. யாராவது முந்தின நாள் பிழைகளை அழித்திருந்தால் அந்தப் பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படிக் காட்டலாம். சில நாள் ஓட்டினால்தான் அவை மறுபடி முடியும். நான் கைவிட்ட ஒரு காரில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, ஆனால் ஐந்தில் நான்கு பரிசோதனை முடியாமல் இருந்தது. பேட்டரி மாற்றினேன் என்றார் விற்றவர். இருக்கலாம். ஆனால் பேட்டரியின் மேல் இருந்த தேதி மூன்று வருடம் பழையது.

மென்பொருள் மாற்றி, பிறகு பழையபடி திருப்பிய கார்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கிளட்ச் மட்டும் பொய் சொல்லாது. நான்காவது கியரில் 2,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்க வேண்டும். வண்டியின் வேகம் ஏறாமல் எஞ்சின் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். 40,000 கிலோமீட்டரில் கிளட்ச் வழுக்கினால் அந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்று கேட்க வேண்டியதே இல்லை. டயரும் அப்படித்தான். நல்ல எஞ்சின் உள்ள காரில் நான்கு வெவ்வேறு மலிவான டயர்கள் இருந்தால், ஆயிலிலும் அதே சிக்கனம் காட்டப்பட்டிருக்கும். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் பார்க்கிறவர்கள் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லைக் கண்டிப்பாகக் கேளுங்கள். கோல்ஃப் ஜிடிஐயின் ஆறு கியர் ஈர கிளட்ச் (ஆயிலில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச்) வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அது தேவை.

என் கார் ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. அவர் பில்களை வரிசையாக அடுக்கிவைத்திருந்தார், 10,000 கிலோமீட்டர் ஆகும் முன்பே ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றியிருந்தார். "தம்பி, எஞ்சின் சூடாகாம நான் ஒருநாளும் விரட்டினதில்ல. நீங்களும் அப்படியே வச்சுக்கங்க" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தார். அந்தப் பில்களை இன்றும் வைத்திருக்கிறேன்.

இனி ஓட்டிய அனுபவம். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 18.5 கிடைக்கிறது. 120-க்குப் போனால் 16-க்கு இறங்கிவிடுகிறது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும்போது காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது, அதற்கு வழியே இல்லை. நகர நெரிசலில் 13 முதல் 13.5. மலைப்பாதையில் ஆசை தீர ஓட்டிய நாட்களில் 10.5 வரை இறங்கியிருக்கிறது. அந்த நாட்களைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. நண்பர் ஒருவர் கிட்டத்தட்ட இதே மாதிரிச் சாலைகளில் ஒரு 2 லிட்டர் ஹாட் ஹேட்ச் ஓட்டுகிறார், அவருக்கு லிட்டருக்கு 12.3. 58,000 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் எனக்கு 1,000 லிட்டருக்கு மேல் மிச்சம்.

மைலேஜுக்காக நான் பழகிக்கொண்டவை இரண்டுதான். ஒன்று, சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்ததும் காலை எடுத்துவிட்டு கியரிலேயே வருவது. அப்போது இன்ஜெக்டர் முழுதாக நின்றுவிடும், பெட்ரோலே செலவாகாது. நியூட்ரலில் உருட்டினால் எஞ்சின் ஐடிலிங்குக்குக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு, குட்டிப் பயணங்களைச் சேர்த்துச் செய்வது. குளிர்ந்த எஞ்சினோடு மூன்று கிலோமீட்டர், நான்கு கிலோமீட்டர் என்று ஓடிய வாரங்களில் என் நோட்டில் 12-க்குக் கீழேயும் எண்கள் இருக்கின்றன.

ஆனால் மைலேஜுக்காக ஒன்றைச் செய்யாதீர்கள். மேல் கியரில் 1,300 சுற்றில் வைத்துக்கொண்டு அழுத்தி மிதிப்பது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் உள்ள சிறிய டர்போ எஞ்சின்களில் அந்த நிலையில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம், பிஸ்டனே உடையக்கூடும். இதைத் தடுப்பதற்கென்றே 2018-ல் எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று புதிய ஆயில் தரங்கள் வந்தன. டப்பாவில் எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் வாங்குகிறேன். சக்தி வேண்டுமென்றால் ஒரு கியர் குறைத்துக்கொள்வது எஞ்சினுக்கு நல்லது, பெட்ரோலிலும் பெரிய நஷ்டமில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு விஷயம் நடந்தது. 15.8 என்று இருந்த மைலேஜ் ஐந்து முறை பெட்ரோல் போடுவதற்குள் 14.7-க்கு இறங்கிவிட்டது. ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஏர் ஃபில்டர் மாற்றினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தன. ஏதாவது ஒரு பிரேக் பிடித்தபடி இருக்கிறதோ என்று, ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கை வைத்துச் சூடு பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. டயர் கடையில் காட்டினேன், பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது முன் டயரின் மேல் உள்ளங்கையைத் தேய்த்தேன். உள்ளிருந்து வெளியே தேய்த்தால் வழுவழு, வெளியிலிருந்து உள்ளே தேய்த்தால் ரம்பப் பல் மாதிரி சொரசொர. அப்போதுதான் இரண்டு மாதம் முன்பு மழையில் தெரியாமல் இறங்கிய பள்ளம் ஞாபகம் வந்தது. வேறொரு இடத்தில் அலைன்மென்ட் கருவியில் ஏற்றினால், முன் சக்கரங்கள் இணையாக நிற்காமல் கோணம் மாறியிருந்தது. ஒவ்வொரு கிலோமீட்டரும் டயர்கள் சாலையில் உரசிக்கொண்டே போயிருக்கின்றன. சரி செய்ததும் மைலேஜ் 15.7-க்குத் திரும்பியது. ஆனால் முன் டயர்கள் இரண்டையும் பாதி ஆயுளில் மாற்ற வேண்டியதாயிற்று. நோட்டில் எழுதாமல் இருந்திருந்தால் டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே தெரியும்வரை கவனித்திருக்கவே மாட்டேன். காரில் உள்ள திரை காட்டும் எண்ணை நம்பாமல், டாங்க் நிரப்பி அடுத்த டாங்க் வரை கணக்குப் போடுங்கள். என் காரில் திரை எப்போதும் உண்மையைவிட 4 சதவீதம் கூடவே காட்டுகிறது.

மற்றபடி செலவு எல்லாம் எதிர்பார்த்ததுதான். முன் பிரேக் பேட் ஒருமுறை, பேட்டரி ஒருமுறை, ஆயில் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. டயர் 195 அகலம்தான் என்பதால் பெரிய ஹாட் ஹேட்ச்களின் 225 அகல டயரைவிட விலை குறைவு, உருள்வதற்கான எதிர்ப்பும் குறைவு.

பூட் 265 லிட்டர், பெட்ரோல் டாங்க் 37 லிட்டர். நாங்கள் மூன்று பேர், எங்களுக்குப் போதுகிறது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பங்கில் நிறுத்த வேண்டும், குழந்தைக்கும் அந்த நேரத்தில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். நான்கு பெரியவர்கள் அடிக்கடி நீண்ட தூரம் போகிற வீடு என்றால் நான் கோல்ஃப் ஜிடிஐயைத்தான் சொல்வேன், பெட்ரோல் கூடுதலாகப் போனாலும். ஐரோப்பாவில் 2020 முதல் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 48 வோல்ட் ஹைப்ரிட் துணையோடு, 129 குதிரைத்திறனில் வந்தது. ஒருமுறை ஓட்டினேன். நகரத்தில் கிளம்பும்போது இன்னும் லேசாக இருந்தது, ஆனால் மேல் சுற்றுகளில் எனக்குப் பழையதே பிடித்தது.

ஒரு லட்சம் தொட்டதும் இன்டேக் வால்வுகளைக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நேரடி இன்ஜெக்ஷனில் பெட்ரோல் அந்த வால்வுகளைக் கழுவுவதில்லை, கரி படியும் என்பதால். படிந்திருந்தால் சுத்தம் செய்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்து டாங்க் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.