காலை நடையா, மாலை நடையா: மனசுக்கு எது கைகொடுக்கும்?

உடம்புக்கு என்றால் இரண்டும் ஒன்றுதான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட வேகநடை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கை எந்த வேளையில் நடந்தும் தீர்க்கலாம். மனசு தெளிய வேண்டும் என்று நடப்பவர்களுக்குத்தான் வேளை முக்கியம்.

காலை நடையில் பாதி வேலையைச் செய்வது வெளிச்சம். ட்யூப்லைட் எரியும் ஹாலில் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தேறினாலே அதிகம். மேகமூட்டமான காலையிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். அது கண்ணில் பட்டதும் மூளையிலுள்ள கடிகாரம் விடிந்துவிட்டதாகக் குறித்துக்கொள்கிறது. இரவுத் தூக்கமும் நேரத்துக்கு வருகிறது. நன்றாகத் தூங்கியவருக்கு மறுநாள் எரிச்சல் குறைவு.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 4.45-க்கு அலாரம் வைத்து, தெருவிளக்கில் நடந்து, 5.30-க்கெல்லாம் வீடு திரும்பிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். சென்னையில் சூரியன் உதிப்பதே, பருவத்தைப் பொறுத்து, சுமார் 5.40 முதல் 6.35-க்குள்தான். வெளிச்சமும் கிடைக்கவில்லை, ஒரு மணி நேரத் தூக்கமும் போச்சு. இரவு 11.30-க்குப் படுப்பவர் இப்படி எழுந்தால் பத்து மணிக்கே ஆபீசில் சிடுசிடுப்பார். விடிந்த பிறகு கிளம்பி 30 நிமிடம் நடந்தால் போதும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை இறங்கிப் படபடக்கலாம், வியர்க்கலாம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்; சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

மாலை நடை வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு. ஆபீஸ் கோபம் வாசலோடு நின்றுவிடும். அந்நேரம் உடல் சூடு கூடியிருப்பதால் காலையில் இருக்கும் மூட்டு இறுக்கமும் இருக்காது. போனைப் பையில் போட்டுவிட்டுத் துணையோடு நடப்பது இன்னும் நல்லது. பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. அதுதான் சரியான வேகம், நிமிடத்துக்குச் சுமார் 100 எட்டு.

இதன் பலவீனம், எளிதில் தவறிப்போவது. மீட்டிங், மழை, விருந்தாளி என்று வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போகும். ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பவர்களுக்கு அவ்வளவாகத் தவறாது.

இரவு 10.30-க்குள் படுக்க முடிந்தவர்களுக்குக் காலை நடையே மேல். கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இரவு வெகுநேரம் வேலை பார்ப்பவர்களும் தூக்கத்தைத் திருடி நடக்க வேண்டாம், மாலையில் நடந்துகொள்ளலாம். காலையில் காபி டம்ளரோடு மொட்டை மாடியில் பத்து நிமிடம் நின்றால் வெளிச்சக் கணக்கு நேராகும். மேகமாக இருந்தால் இருபது நிமிடம்.