ஊட்டி மலை ரயில்: என் ஏழு வயது மகளின் கணக்கில்

மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறினோம். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 மணி நேரமா என்று நான் அலுத்துக்கொள்ள, மகளுக்கோ "இன்ஜின் ஏன் பின்னாடி இருக்கு?" என்பதுதான் கவலை. கல்லாறு தாண்டினால் ஏற்றம், தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள பல்சட்டத்தைச் சக்கரத்தின் பற்கள் கவ்விக் கவ்வி ஏற, நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று விளக்கினேன். "நீ என் சைக்கிளைத் தள்ளுற மாதிரியாப்பா?" என்றாள். சரிதான்.

மொத்தம் 16 குகைகள், ஒன்று விடாமல் கத்தினாள், பெட்டியே சேர்ந்து கத்தியது (நானும்தான்). பள்ளத்தாக்கை அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. குன்னூரில் டீசல் இன்ஜின் மாட்டியதும் முகம் வாடிவிட்டது. அப்புறம் ஊட்டி ஏரி, பூங்கா எதுவும் எடுபடவில்லை. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், சன்னலோரம் குழந்தைக்கு.