பட்டாணி விதை: பாக்கெட்டா, சொந்த விதையா?

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி பட்டாணி போடுகிறேன். முன்பெல்லாம் பருவத்துக்குப் பருவம் விதைப் பாக்கெட் வாங்கினேன். இப்போது பெரும்பாலும் செடியில் முற்ற விட்டு எடுத்த சொந்த விதைதான். இரண்டையும் போட்டுப் பார்த்ததால் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

செலவுக் கணக்கை நீட்ட வேண்டியதில்லை. ஒரு செடியில் எட்டுக் காய், காய்க்கு ஆறு மணி என்றாலே கிட்டத்தட்ட ஐம்பது விதை ஆகிவிடும். நாலைந்து செடியை விதைக்கு விட்டால் அடுத்த பருவத்துக்குத் தாராளம்.

‘பாக்கெட் விதையின் மகசூலை மறுபடி போட்டால் அதே ரகம் வருமா?’ என்பதுதான் பலரும் கேட்கும் சந்தேகம். ஹைப்ரிட் தக்காளியில் வராது, பட்டாணியில் வரும். பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே தனக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்கிறது. மரபியல் அறிஞர் மெண்டல் தன் சோதனைகளுக்குப் பட்டாணியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்துப் பாத்தியில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பது அபூர்வம். அர்கெல் என்ற ரகத்தைப் போட்டால் அடுத்த வருடமும் அர்கெல்தான்.

பாக்கெட்டுக்கும் அதற்குரிய நியாயம் உண்டு. முளைப்புத்திறன் எவ்வளவு, பரிசோதித்த தேதி எது என்று லேபிளில் இருக்கும். சான்று பெற்ற பட்டாணி விதைக்குக் குறைந்தது 75 சதவீத முளைப்பு இருக்க வேண்டும். பூஞ்சை மருந்து தடவி வருவதால் ஈர மண்ணில் சீக்கிரம் அழுகாது. (நிறமேற்றிய அந்த விதை மிஞ்சினால் சமையலுக்குப் போகக் கூடாது, கோழிக்கும் போடக் கூடாது.) அப்புறம், புது ரகம் வேண்டுமென்றால் பாக்கெட்டைத் தவிர வழியில்லை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அஜித், சாம்பல் நோயையும் துரு நோயையும் தாங்கும். விதைக்கு விடும் செடி கூடுதலாக ஒரு மாதம் நிலத்தில் நிற்க வேண்டியிருப்பதால் இது சின்ன விஷயமல்ல. பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருக்கும் மாதங்களில், நோய் தாங்காத ரகத்தின் இலையெல்லாம் மாவு தூவியது போல் வெளுத்து, மணி பிடிக்காமலே காய் சுருங்கிவிடும்.

ஆனால் சொந்த விதை தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்வது ரகமோ மருந்தோ அல்ல, காய்ச்சல்தான், அதாவது விதை எவ்வளவு நன்றாகக் காய்கிறது என்பதுதான். காய் செடியிலேயே காய்ந்து பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே மணி கலகலக்க வேண்டும். அதற்குச் சமையலுக்குப் பறிக்கும் பக்குவம் தாண்டி மூன்று, நான்கு வாரம் ஆகும். அந்த வாரங்களில் வானம் எப்படி இருக்கிறது என்பதுதான் எல்லாம்.

நீலகிரியில் பட்டாணிக்கு இரண்டு பருவம்: பிப்ரவரி, மார்ச் விதைப்பு ஒன்று, அக்டோபர், நவம்பர் விதைப்பு இன்னொன்று. முதல் பருவத்துக் காய் முற்றிக் காயும் நேரம் ஜூன். அப்போது சாரலும் மூடுபனியும் வந்துவிடும். காய்த்தோல் கறுத்து, உள்ளே பூசணம் பிடித்து, சில மணிகள் காய்க்குள்ளேயே முளைவிட்டிருக்கும். அந்தப் பருவக் காயை முழுக்கச் சாப்பிட்டுவிடுவதே புத்திசாலித்தனம். விதைக்கு விட வேண்டியது நவம்பரில் போட்ட பாத்தியைத்தான். அது காய்வது பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும். மலையில் மழை மிகக் குறைந்த மாதங்கள். உறைபனி இறங்கும் ஊட்டிப் பள்ளங்களில் டிசம்பர், ஜனவரியில் பூவே கருகிப் போகலாம். அங்கே இருப்பவர்கள் இதை வேறு மாதிரி திட்டமிட வேண்டும்.

பறித்த பிறகும் உடனே டப்பாவில் அடைக்கக் கூடாது. மணியை உரித்து, நிழலில் காற்றோட்டமாகப் பத்து நாளாவது பரப்பி வைக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. பல்லில் வைத்துக் கடித்தால் பல் இறங்கக் கூடாது. அர்கெல் மாதிரி இனிப்பு ரகங்களின் மணி காய்ந்ததும் சுருங்கிப் போகும். கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம், அதன் இயல்பே அதுதான்.

காய்ச்சல் சரியாக இருந்தால் அடுத்த எதிரியான வண்டையும் சமாளிக்கலாம். இறுக மூடிய பாட்டிலுக்குள் வண்டு எப்படி வந்தது என்று கேட்பார்கள். பல சமயம் தோட்டத்திலேயே காயின் மேல் முட்டை விழுந்து, விதையோடு சேர்ந்தே புழுவும் வீட்டுக்கு வந்திருக்கும். சாம்பலோ வேப்பிலையோ போட்டால் வெளியிலிருந்து வருவது குறையும். மணிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதை அவை ஒன்றும் செய்யாது. நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் புழு செத்துவிடும். ஈர விதையை அப்படி வைத்தால் விதையும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல், பாட்டிலின் குளிர்ச்சி போனபிறகு திறக்க வேண்டும். இல்லையென்றால் விதையின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். அதன் பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டே போதும். குளிர்ச்சியாகவும் உலர்வாகவும் இருந்தால் பட்டாணி விதை மூன்று வருடம் வரை தாங்கும்.

எந்தச் செடியை விடுவது என்பதில் வீட்டுத் தோட்டக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல காயையெல்லாம் பறித்துத் தின்றுவிட்டு, கடைசியில் மிஞ்சிய சொத்தைக் காயை விதைக்கு வைப்பார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். முதலில் பூத்த, திடமான செடிகளுக்கு ஒரு துணிக் கயிறு கட்டி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள்தான் முதலில் கை வைப்பார்கள். இலை சுருண்டு தேமல் விழுந்த செடி எவ்வளவு காய்த்திருந்தாலும் வேண்டாம். சில வைரஸ்கள் விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும்.

மளிகைக்கடைப் பட்டாணியைப் போடலாமா என்றால், முளைக்கும். ஆனால் அது பெரும்பாலும் பருப்புக்காக வளர்க்கும் வகை. கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலில் வரும் மஞ்சள் பட்டாணியும் அதே ஜாதிதான். பச்சையாக உரித்துத் தின்னும் இனிப்பு அதில் இருக்காது. கீரையாகக் கொழுந்து கிள்ளுவதற்குத் தொட்டியில் போடலாம், அவ்வளவுதான்.

சமவெளியில் மார்கழிக் குளிரை நம்பிப் பட்டாணி போடுகிறவர்களுக்கு இதெல்லாம் எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், என் அனுபவம் மலையோடு சரி. எங்கே இருந்தாலும், விதைக்க இரண்டு வாரம் முன்பு பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஒரு வாரத்தில் ஏழு, எட்டு முளைத்தால் சொந்த விதையையே போடலாம். ஐந்தாறு என்றால் கொஞ்சம் நெருக்கமாக ஊன்றுங்கள். அதற்கும் கீழே போனால் அந்த வருடம் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.