வயர்லெஸ் நெட் "ஃபுல் செட்டப்" வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்

"டவர், ரேடியோ, பேண்ட்விட்த், லைசென்ஸ் எல்லாத்தையும் நாங்களே பாத்துக்கிறோம் சார், நீங்க கஸ்டமரை மட்டும் புடிங்க." கேபிள் ஆபரேட்டர்களையும், கிராமத்தில் சின்ன அளவில் நெட் தொழில் தொடங்குகிறவர்களையும் குறிவைத்து இப்படிப் பேசுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். உடுமலைப் பக்கம் அப்படி ஒருவர் போட்டுக் கொடுத்த சைட் ஒன்று. ஒரு டவர், நான்கு செக்டர் (ஒவ்வொரு திசைக் கஸ்டமர்களுக்கும் ஒரு ரேடியோ), டவருக்கு நெட்டைக் கொண்டுவரும் 5 கிலோமீட்டர் பேக்ஹால் லிங்க், 200 எம்பி (நொடிக்கு மெகாபிட்) பேண்ட்விட்த் என்று கொட்டேஷன். அதை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்ததில் தெரிந்தவை இவை. பெயர் போடவில்லை. இதே வித்தையை வைத்துப் பிழைப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

பணம் கேட்கும் விதத்திலேயே ஏமாற்று தொடங்குகிறது. டவர் நிற்பதற்குள் 90 சதவீதம் வாங்கிவிடுவார்கள். மீதி 10 சதவீதம் "ஸ்பீட் டெஸ்ட் காட்டினதும்". அந்த ஸ்பீட் டெஸ்ட் காலை பதினொரு மணிக்கு நடக்கும், 190 எம்பி காட்டும், நீங்களும் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். அது எதையும் நிரூபிக்காது. பெரும்பாலான ஸ்பீட் டெஸ்ட் சர்வர்களை இன்டர்நெட் கம்பெனிகளே தங்கள் நெட்வொர்க்குக்குள் வைத்திருக்கின்றன. தானாகத் தேர்வாகும் பக்கத்துச் சர்வருக்குப் போகிற வழி காலியாக இருக்கலாம். வெளியே போகிற வழி அடைத்துக் கிடக்கலாம். விபிஎஸ் என்னும் இணையச் சர்வர் ஒன்றை மும்பையிலோ சிங்கப்பூரிலோ வாடகைக்கு எடுத்து, இரவு 8 முதல் 10 மணிக்குள் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலைப் பத்து இணை ஓட்டங்களோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். அப்லோடு, டவுன்லோடு இரண்டும் தனித்தனியாக. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பிங் (டேட்டா போய்த் திரும்பும் நேரம்) 35, 40 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும்; 200 தாண்டினால் டிராஃபிக் எங்கேயோ ஊர் சுற்றி வருகிறது என்று அர்த்தம்.

"1:1 டெடிகேட்டட்" (யாரோடும் பங்கு போடாத லைன்) என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போடும் ஃபைபர் கனெக்‌ஷன் இரண்டை ஒரு ரவுட்டரில் சேர்த்து விற்பதும் நடக்கிறது. இந்த சைட்டில் நடந்தது அதுதான். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். டேட்டா போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டால் முதல் சில ஹாப்களில் (வழியில் உள்ள ரவுட்டர்களில்) 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி தெரிந்தால் நீங்கள் பெரும்பாலும் சிஜிநாட்டுக்குப் பின்னால், அதாவது பலர் ஒரே பப்ளிக் ஐபியை (வெளியே தெரியும் முகவரியை) பங்கு போடும் அமைப்பில் இருக்கிறீர்கள். டெடிகேட்டட் லைனில் அதற்கு இடமில்லை. உங்கள் பப்ளிக் ஐபியை ஹூஇஸ்-ஸில் (ஐபி யாருடையது என்று காட்டும் பதிவேடு) தேடுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள லைசென்ஸ்தாரர் பெயர் ஒன்று, ஐபி இன்னொரு கம்பெனியின் பிராட்பேண்ட் தொகுப்பில் இருந்து வருகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வீட்டு கனெக்‌ஷனை மறுவிற்பனை செய்வது சட்டப்படி குற்றம். நாளைக்கு ஒரு சைபர் வழக்கில் அந்த ஐபியைத் தேடி வருகிற போலீஸ் உங்கள் வாசலில்தான் நிற்கும். இன்டர்நெட் சேவைப் பதிவுகளை 2 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் லைசென்ஸ் விதியையே திருத்திவிட்டார்கள். "லாக்கெல்லாம் எங்க சர்வர்ல இருக்கு" என்று சொல்கிறவரிடம், ஒரு நாள், ஒரு நேரம், ஒரு போர்ட் எண் சொல்லி எந்தக் கஸ்டமர் என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக: தொலைத்தொடர்புத் துறை இணையதளத்தில் லைசென்ஸ் பெற்ற கம்பெனிகளின் பட்டியல் இருக்கிறது. ஏ வகை என்றால் நாடு முழுக்க, பி என்றால் ஒரு தொலைத்தொடர்பு வட்டம் (கிட்டத்தட்ட ஒரு மாநிலம்), சி என்றால் கிட்டத்தட்ட ஒரு மாவட்டம். சி வகை லைசென்ஸை வைத்துக்கொண்டு அடுத்த மாவட்டத்தில் ஃபிரான்சைஸ் கொடுப்பவர்களும் உண்டு. உங்களுக்கு வரும் பில் அந்தக் கம்பெனி பெயரில், அதன் ஜிஎஸ்டி எண்ணோடு வர வேண்டும். இடையில் இருப்பவரின் துண்டுச்சீட்டு பில் ஆகாது.

இனி ரேடியோ. கொட்டேஷனில் "ஒரு செக்டருக்கு 300 எம்பி" என்று இருந்தது. அது 40 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், இரண்டு செயினில் (இரு ஆன்டெனா வழியில்), காற்றில் ஓடும் அதிகபட்ச லிங்க் ரேட். கையில் கிடைப்பது அதில் பாதிதான், அதுவும் எல்லாக் கஸ்டமருக்கும் சேர்த்து. அந்த எண்ணைக் காட்டுவதற்காகவே நான்கு செக்டரையும் 40-இல் வைத்திருந்தார்கள். கணக்குப் பாருங்கள்: இந்த ரேடியோக்கள் ஓடும் 5.8 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்) 5725 முதல் 5875 வரை இருப்பதே 150 மெகாஹெர்ட்ஸ். நான்கு செக்டருக்கே 160 வேண்டும். பேக்ஹாலும் அதே பேண்டில். ஒரே பைப்பில் கட்டிய ஐந்து ரேடியோக்கள் ஒன்றின் காதில் ஒன்று கத்திக்கொண்டிருந்தன. நாய்ஸ் (குறுக்கீட்டு இரைச்சல்) ஏறியதும் "பவர் ஏத்திட்டா சரியாயிடும்" என்று பவர் வரம்பை நிர்ணயிக்கும் நாட்டுக் குறியீட்டை டெஸ்ட் மோடுக்கு மாற்றி முழு பவரில் வைத்துவிட்டார்கள். இந்தப் பேண்டில் ஆன்டெனா கெயினும் (ஒரே திசையில் குவிப்பதால் கூடும் பலம்) சேர்த்து அனுமதி 4 வாட், அதாவது 36 டிபிஎம்தான். கூடுதல் பவர் சட்டத்துக்கும் விரோதம், பக்கத்து செக்டரையும் கெடுக்கும்.

செக்டர்களை 20-க்கு இறக்கி, பேக்ஹாலுக்கு மட்டும் 40 கொடுத்தால் மொத்தம் 120, நடுவே இடைவெளியும் மிஞ்சும். 2018 அறிவிக்கைக்குப் பிறகு 5150–5350, 5470–5725 பகுதிகளும் திறந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி பவர் வரம்பு உண்டு, படித்துவிட்டுப் போடுங்கள். இன்னொன்று: −78 டிபிஎம் என்னும் பலவீனச் சிக்னலில் தொங்கும் ஒரே ஒரு கஸ்டமர் முழு செக்டரையும் இழுத்துப்பிடிப்பார். 130 எம்பி ரேட்டில் பேசுகிறவருக்கு ஒரு பங்கு நேரம் என்றால் 26 எம்பியில் பேசுகிறவருக்கு ஐந்து பங்கு நேரம் போகிறது. கஸ்டமர் எண்ணிக்கையைக் காட்டுவதற்காக அப்படிப்பட்ட வீடுகளுக்கும் டிஷ் மாட்டிவிட்டுப் போவார்கள். −70-க்குக் கீழே போனால் மாட்டாதீர்கள், சொந்தக்காரர் வீடாகவே இருந்தாலும்.

பேக்ஹாலைச் சோதிப்பது எளிது. 5 கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் வழி இழப்பு (காற்றில் குறையும் சிக்னல்) சுமார் 122 டிபி. 36 டிபிஎம்மில் அனுப்பி, மறுமுனையில் 23 டிபிஐ கெயின் உள்ள டிஷ் இருந்தால் −63 வாக்கில் சிக்னல் நிற்க வேண்டும். இந்த லிங்க் −80-இல் நின்றது. காரணம், டிஷ்ஷைத் திருப்பும்போது முதலில் வந்த பக்க லோபிலேயே (ஆன்டெனாவின் ஓரத்துப் பலவீனக் கதிர்) போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். இடமிருந்து வலமாக முழுக்கத் திருப்பினால் சிக்னல் மூன்று இடத்தில் ஏறி இறங்கும். நடுவில் உள்ளதுதான் உண்மையானது, அது பக்கத்ததை விட 15, 20 டிபி கூட இருக்கும். பிறகு மேலும் கீழும் அதே மாதிரி. அப்படியும் எண் வராவிட்டால் தென்னையைப் பாருங்கள். "டவர் தெரியுது சார்" என்பது போதாது. இந்தத் தூரத்துக்கு நடுவழியில் ஃப்ரெனல் மண்டலத்தின் (சிக்னல் பரவிச் செல்லும் பகுதி) ஆரம் 8 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது பார்வைக்கோட்டைச் சுற்றி 5 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சர்வே செய்து மாட்டிய லிங்க், ஐப்பசி மழையில் நனைந்த மட்டைக்குப் பின்னால் செத்துப்போகும்.

இரும்பில்தான் கைவரிசை அதிகம். 2 இன்ச் ஜிஐ பைப் "பி கிளாஸ்" என்று பில். வந்தது ஏ கிளாஸ். மஞ்சள் பட்டை ஏ, நீலம் பி, சிவப்பு சி. பட்டை தெரியாமல் சில்வர் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். பி கிளாஸ் 3.6 மில்லி தடிமன், 6 மீட்டர் பைப் 30 கிலோ. ஏ கிளாஸ் 2.9 மில்லி, 24, 25 கிலோதான் வரும். பழைய இரும்புக் கடைத் தராசே போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேரே இறங்கும் ஊர் இது. ஆடிக் காத்தில் அம்மியே பறக்கும்போது ஏ கிளாஸ் பைப்பில், ஒற்றை யூ கிளாம்ப்பில் டிஷ் எத்தனை நாள் திசை மாறாமல் நிற்கும்?

கேபிளில் செய்தது இன்னும் நுணுக்கம். பெட்டியில் "கேட்6" என்று அச்சு, உள்ளே அலுமினியத்துக்குச் செம்பு முலாம். கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். சுரண்ட விடாவிட்டால் மல்டிமீட்டர்: 100 மீட்டர் வெட்டி, ஒரு முனையில் ஒரு ஜோடியை முறுக்கி, மறுமுனையில் ஓம் பாருங்கள். நல்ல செம்பு 19 ஓமுக்குள் வரும். முலாம் கேபிள் 26-க்கு மேல் போகும். 60 மீட்டர் ஏறுகிற 24 வோல்ட் பிஓஇ-யில் (நெட் கேபிளிலேயே ரேடியோவுக்கு மின்சாரம் அனுப்பும் முறை) 3 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அது மட்டுமே ரேடியோவை நிறுத்தாது. 0.5 ஆம்ப் மலிவு அடாப்டரும் கேபிள் நுனியில் ஈரம் ஏறிய ஆர்ஜே45 பின்னும் சேரும்போது, டிராஃபிக் ஏறுகிற சாயங்காலமாகப் பார்த்து ரேடியோ ரீஸ்டார்ட் ஆகும். "சாஃப்ட்வேர் பக்" என்பார்கள். அடாப்டரில் இல்லை, மேலே ரேடியோ முனையில் வோல்ட் அளந்து பாருங்கள்.

எர்த் குழியில் ஒரு ராடை அடித்து மண்ணை மூடிவிட்டுப் போவார்கள். எர்த் டெஸ்டர் வைத்து 10 ஓமுக்குள் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை பாஸ்வேர்ட். மைக்ரோடிக் ரவுட்டர், ரேடியோக்கள், பில்லிங் பேனல் எல்லாம் போட்டுக் கொடுத்தவர் பெயரில். வருடப் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றிக் கேட்டபோது சைட்காரர் மறுத்ததும், ராத்திரியோடு ராத்திரியாகக் கஸ்டமர் லாகின் எல்லாம் முடங்கின. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. ரவுட்டரில் யூசர் பட்டியல், ஷெட்யூலர் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலைகள்), ஸ்கிரிப்ட், வெளியே போகும் விபிஎன் டனல் நான்கையும் பாருங்கள். குறிப்பிட்ட நாளில் பிபிபி கணக்குகளை (கஸ்டமர் லாகின்) முடக்கும் ஸ்கிரிப்ட் ஷெட்யூலரில் உட்கார்ந்திருந்தது. சுத்தமாக வேண்டுமென்றால் நெட்இன்ஸ்டால் மூலம் ரவுட்டரின் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டு, கான்ஃபிகை வரிவரியாகப் படித்து ஏற்றுங்கள். பழைய ரேடியோவைப் புதிது என்று கொடுத்திருந்தால் அதிலும் ஃபர்ம்வேரை (கருவியின் உள் சாஃப்ட்வேரை) புதிதாக ஏற்றுங்கள். 2016-இல் யுபிக்விட்டி ரேடியோக்களைத் தாக்கிய வார்ம் (தானாகப் பரவும் வைரஸ்) நுழைந்த ஓட்டையும், 2018-இல் வெளிவந்த மைக்ரோடிக் வின்பாக்ஸ் (ரவுட்டரை நிர்வகிக்கும் நிரல்) ஓட்டையும் பழைய ஃபர்ம்வேரில் அப்படியே இருக்கும். கஸ்டமர் பட்டியலை வாரம் ஒருமுறை உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள்.

பணத்தை இப்படிப் பிரித்துக் கொடுங்கள்: பொருள் வந்து எடை, ஓம் பார்த்த பிறகு 50 சதவீதம், லிங்க் சிக்னல் எண் வந்த பிறகு 20, இரவு நேர டெஸ்டும் பாஸ்வேர்ட் ஒப்படைப்பும் முடிந்த பிறகு 10, மீதி 20 ஒரு ஐப்பசி மழை தாண்டிய பிறகு. எல்லாம் வங்கி வழியாக. பில்லில் ஒவ்வொரு ரேடியோவின் சீரியல் எண்ணும் நெட்வொர்க் அடையாளமான மேக் முகவரியும் இருக்க வேண்டும். ஏமாந்த பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நினைத்தால், வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் நடத்துகிறவருக்கு 2019 சட்டத்தில் விலக்கு உண்டு, அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். நாலு பேர் பங்கு போட்டு நடத்தும் தொழிலாக இருந்தால் அங்கே போவது கடினம். சிவில் வழக்குத்தான், அதற்குக் கொட்டேஷனும் அளந்த எண்களின் போட்டோவும் தேதியோடு கையில் இருக்க வேண்டும்.