ஹேட்ரியன் சுவரா, அன்டோனைன் சுவரா?

பிரிட்டனின் வடக்கு எல்லைக்கு ரோமானியர் எழுப்பிய இரண்டு சுவர்களில் பேர்போனது ஹேட்ரியன் சுவர்தான். கி.பி. 122இல் தொடங்கிய வேலை. சுமார் 117 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி கல். ரோமானிய மைலுக்கு ஒரு சிறு கோட்டை, இடையில் இரண்டு காவல் கோபுரங்கள். ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் வீரர்கள் வரிசையாக உட்கார்ந்த கழிப்பறையின் கல் கால்வாய்கூட இன்றும் கிடக்கிறது.

அன்டோனைன் சுவர் 142 வாக்கில், இன்னும் வடக்கே, ஸ்காட்லாந்தில் எழுந்தது. நீளம் கிட்டத்தட்ட பாதி. கல் அடித்தளத்தின் மேல் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மண்தானே என்று குறைத்து எடைபோடக் கூடாது. முன்னால் பெரிய அகழி. ரஃப் காசில் கோட்டை அருகே வரிசை வரிசையாகக் குழிகள். உள்ளே கூரான முளைகள், மேலே தழை மூடாக்கு. கால் வைத்தவன் கதி என்னவாகியிருக்கும்! தாங்கள் கட்டிய தூரத்தைப் படையணிகள் சிற்பக் கற்களில் பெருமையோடு பொறித்தும் வைத்தன. இவ்வளவு உழைத்தும் ஒரு தலைமுறைக்குள் அதைக் கைவிட்டு, பழைய ஹேட்ரியன் சுவருக்கே திரும்பிவிட்டார்கள்.

சரி, ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால்? முதல் தடவை போகிறவர்களுக்கு ஹேட்ரியன். என் மனம் என்னவோ புல் மூடிய அந்த அகழியில்தான் நிற்கிறது.