காவலுக்கு ஆள் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்: திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் அனுபவம்

2017-இல் எங்கள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பு என்னிடம் வந்ததிலிருந்து இன்றுவரை மூன்று பாதுகாப்பு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறேன். அவற்றில் இரண்டை முறித்துக்கொண்டேன். மூன்றாவது நிறுவனம் 2021 முதல் தொடர்கிறது. எங்களைப் போன்ற நடுத்தர யூனிட்டுகள் பலவும் கொட்டேஷனின் கடைசி வரியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதால், அந்த வரிக்கு மேலே இருப்பவற்றைப் பற்றி விரிவாக எழுதுவது சிலருக்காவது பயன்படும் என்று நம்புகிறேன். நாம் செலுத்தும் பில் தொகையில் எவ்வளவு காவலரின் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பாதுகாப்பு நிறுவனத்தையும் மதிப்பிட முடியாது என்பதே இந்த ஆண்டுகளில் நான் கண்டது.

எங்களிடம் காவல் தேவைப்படும் இடங்கள் இரண்டு: ஒன்று முன் கேட், மற்றொன்று துணிக் கிடங்கு. முதல் நிறுவனம் இடத்துக்கு இரண்டு பேர் வீதம் நான்கு பேரைப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் கணக்கில் தருவதாகச் சொன்னது. கொட்டேஷன் தந்த மற்ற இரு நிறுவனங்களைவிடத் தொகையும் குறைவாக இருந்தது. வார விடுமுறையில் யார் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஓர் இடத்தை இருபத்து நான்கு மணி நேரமும் காக்க, எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 21 ஷிப்ட்கள் ஆகின்றன. ஒருவர் வாரத்தில் ஆறு ஷிப்ட் மட்டுமே பார்ப்பார் என்றால் அந்த இடத்துக்கு மூன்றரை ஆள் வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டாக வைத்துக்கொண்டாலும் 14 ஷிப்ட்டுக்கு இரண்டு பேர் போதாது. இரண்டு பேரை மட்டும் வைத்து ஒருவர் கணக்கு எழுதித் தருகிறார் என்றால், அந்த இரண்டு பேருக்கும் விடுமுறையே இல்லை, அல்லது ஒருவர் வராத நாளில் மற்றவர் டபுள் டூட்டி பார்க்கிறார் என்றுதான் பொருள். இந்தச் சிறு கணக்கை நான் அன்றே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

2018 ஜனவரியில் ஓர் இரவு, அவசர ஆர்டர் ஒன்றின் பேக்கிங் முடிந்து இரண்டே முக்கால் மணி அளவில் கிடங்குப் பக்கம் போனேன். காவலர் பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண் திறந்தபடியே உறங்குவதுபோல் உட்கார்ந்திருந்தார். மேசையில் இருந்த ரோந்துப் பதிவேட்டில் மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி ஆகிய வரிகள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், கையெழுத்தோடு முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தன. எனக்குக் கோபம் வந்தது. அவர் எழுந்து நின்று, “ரிலீவர் வரலீங்க சார், முந்தாநேத்துக் காலையில வந்தவனுங்க” என்றார். மாற்று ஆள் வராததால் அவர் 42 மணி நேரமாக வீட்டுக்குப் போகவில்லை. பதிவேட்டைத் தன்னால் இயன்ற விதத்தில் அவர் பார்த்துக்கொண்டார் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? அவரிடம் கோபப்படுவதில் நியாயமில்லை என்று புரிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அடுத்த மாத ஸ்டாக் சரிபார்ப்பில் துணி ரோல்கள் குறைந்திருந்தன. கட்டிங் வேஸ்ட் ஏற்றிப்போன வண்டியின் மேல் ஐயம் எழுந்தது, ஆனால் பதிவேட்டை வைத்து எதையும் நிறுவ முடியவில்லை. அந்த ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

இரண்டாவது நிறுவனம் பெரியது. பளபளப்பான கையேடு, சீருடையில் குறையில்லை, பில்லில் ஒவ்வொரு இனமும் தனித்தனியாக: அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வேலையளிப்பவர் பங்காக பி.எஃப். 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், போனஸ் 8.33 சதவீதம், சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒழுங்கான பில்லைக் கண்டு நான் நிம்மதி அடைந்தேன். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு கேட்டில் இருந்த மூத்த காவலர் ஒருவர், “சார், என்ற பி.எஃப். நம்பர் என்னன்னு ஆபீசுல கேட்டுச் சொல்லுவீங்களா? மக கல்யாணத்துக்குக் கொஞ்சம் எடுக்கோணுங்க” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கேட்டு வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மாத பில்லோடும் இணைக்கப்பட்டிருந்த பி.எஃப். செலான்களை முதன்முறையாகப் பிரித்து, பெயர்ப் பட்டியலோடு எங்கள் வருகைப் பதிவேட்டை ஒப்பிட்டேன். எங்களிடம் பணிபுரிந்த ஏழு பேரில் மூன்று பேரின் பெயர்கள்தான் அதில் இருந்தன. மற்றவை எங்கள் கேட்டை ஒருநாளும் பார்த்திராதவர்களின் பெயர்கள். அந்த மூத்தவரின் பெயர் எங்குமே இல்லை. அவருக்காக நாங்கள் ஒவ்வொரு மாதமும் 13 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒப்பந்ததாரர் கட்டத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரான எங்களிடம் அந்தத் தொகையைக் கேட்பதற்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. சட்டங்கள் இரண்டிலும் வழி இருக்கிறது என்பதை எங்கள் ஆடிட்டர் எடுத்துச் சொன்னபோது, இது நன்னெறி சார்ந்த விஷயம் மட்டுமல்ல, எங்கள் நிறுவனத்தின் நேரடிப் பொறுப்பும்கூட என்று தெரிந்தது. வெளிநாட்டு பையர்களுக்காக நடக்கும் சமூகத் தணிக்கையில் தையல் தொழிலாளர்களோடு ஒப்பந்தக் காவலர்களின் சம்பளச் சீட்டும் வேலை நேரமும் பார்க்கப்படுகின்றன; அங்கே இது வெளிப்பட்டிருந்தால் ஆர்டரே கைவிட்டுப் போயிருக்கும். இரண்டு மாத பில்லை நிறுத்திவைத்தோம். நிலுவை கட்டப்பட்டு, அந்த மூத்தவரின் கைப்பேசிக்கு பி.எஃப். குறுஞ்செய்தி வந்த பிறகுதான் கணக்கைத் தீர்த்தோம். அவர் அந்தக் குறுஞ்செய்தியை என்னிடம் இரண்டு முறை படித்துக்காட்டச் சொன்னார்.

மூன்றாவது தேர்வுக்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தனியார் பாதுகாப்பு நிறுவனம் நடத்தக் கூடாது; எல்லாரும் பசாரா லைசென்ஸ் என்று சொல்லும் அந்த உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதால் நகலில் தேதியைப் பார்த்தேன். விதிகளின்படி காவலருக்கு 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் தரப்பட வேண்டும்; முன்னாள் ராணுவத்தினருக்கும் காவல்துறையினருக்கும் அது குறைவு. பயிற்சி எங்கே நடக்கிறது என்று கேட்டதற்கு இரண்டு நிறுவனங்கள் பேச்சை மாற்றின, ஒன்று நேரில் அழைத்துக் காட்டியது. கொட்டேஷன்களை ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தனிநபர் அல்லது கூட்டாண்மை நிறுவனம் நமக்குச் சேவை தந்தால், 2019 முதல் ஜி.எஸ்.டி.யை நாமே நேரடியாகச் செலுத்த வேண்டும். ஆகவே அவர்களுடைய பில்லில் அந்த 18 சதவீதம் இராது. கம்பெனியாகப் பதிவு பெற்றவரின் பில்லில் இருக்கும். இது தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முன்னவர் மலிவானவராகத் தோன்றுவார்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது, அந்த நிறுவனத்தின் காவலர்கள் பணிபுரியும் இன்னொரு யூனிட்டின் கேட்டுக்கு மாலையில் தனியாகப் போய், அங்கிருந்தவரிடம் நான்கு கேள்விகள் கேட்டதுதான்: சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, வங்கியில் போடுகிறார்களா, சீருடைக்கும் தங்கும் அறைக்கும் எவ்வளவு பிடிக்கிறார்கள், கடைசியாக எப்போது விடுமுறை எடுத்தீர்கள். ஒடிசாவிலிருந்து வந்த அந்த இளைஞர் உடைந்த தமிழில், ஆனால் ஒரு கணமும் யோசிக்காமல் தேதியைச் சொன்னார். அந்தத் தயக்கமின்மையை நான் நம்பினேன்.

ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகளை எழுத்தில் சேர்த்தோம். இரண்டு இடங்களுக்கும் சேர்த்து ஏழு பேர், எட்டு மணி நேர ஷிப்ட். அந்த மாதம் எங்களிடம் பணிபுரிந்தவர்களின் பெயரோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பட்டியல் வந்தால்தான் அடுத்த பில். எங்களுக்குச் சொல்லாமல் ஆளை மாற்றக் கூடாது. தொகை இரண்டாவது நிறுவனத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. எங்கள் பங்குதாரர் ஒருவர் இதை ஏற்க மிகவும் யோசித்தார்.

கடந்த ஆண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிய ஒரு நாள் அவருடைய யோசனை தீர்ந்தது. சரக்கு ஏற்றும் முன் கண்டெய்னரின் அடிப்பகுதி, கதவுகள், இரு பக்கச் சுவர்கள், முன் சுவர், கூரை, தரை என ஏழு இடங்களையும் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் கேட் காவலர், ஐந்து ஆண்டுகளாக எங்களோடு இருப்பவர், கைவிளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தரைப் பலகையைக் காலால் தட்டிக்கொண்டே நடந்தார். கதவைச் சாத்தி சீல் போட்டதும் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், பிறகு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்தார். டாக்குமென்டேஷன் பிரிவுப் பெண் வைத்திருந்த தாளில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறி இருந்தன. சுங்கத் துறைக்குத் தரும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லில் அந்த எண் அப்படியே பதிவாகி இருந்தால் வண்டி துறைமுக வாசலில் நின்றிருக்கும். தாள் திருத்தப்படும் வரை அவர் கேட்டைத் திறக்கவில்லை; பங்குதாரரே வந்து அவசரப்படுத்தியும் திறக்கவில்லை.

குறைகள் இந்த நிறுவனத்திலும் உண்டு. காவலர்களை மேற்பார்வையிடும் ஃபீல்டு ஆபீசர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். புதியவர் வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் கேட் பாஸ் நடைமுறையை முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. ரோந்து வந்ததைப் பதிவு செய்யக் கிடங்குச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்கள் மழைக்குப் பிய்ந்துபோனால் மாற்ற வாரக்கணக்கில் ஆகிறது. தீபாவளி வாரம்தான் மிகவும் கடினம். ஊரே காலியாகும் அந்த நாட்களில் ரிலீவர் கிடைப்பதில்லை, சென்ற ஆண்டு இரண்டு இரவுகள் டபுள் டூட்டி பார்க்க நேர்ந்தது. அடுத்த புதுப்பித்தலின்போது அந்த வாரத்துக்கு இரண்டு ரிலீவர்களைப் பெயர் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். அதற்கான கூடுதல் தொகையையும், பண்டிகை நாளில் பணிபுரிபவருக்கு இரட்டைச் சம்பளத்தையும் நாங்கள் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.